சுவர் விளக்குக்குப் பின்னால் 25 வாட்

உங்கள் வீட்டுச் சுவர் விளக்கைக் கழற்றினால், பின்னால் ஒரு சிறிய பெட்டி புதைந்திருக்கும். ஆழம் பெரும்பாலும் இரண்டு மூன்று விரல் அளவுதான். விளக்குக்கு வரும் கம்பிகளும் அங்கிருந்து அடுத்த விளக்குக்குப் போகும் கம்பிகளும் பல வீடுகளில் அதற்குள்தான் சந்திக்கின்றன. செம்புக் கம்பி விறைப்பானது. வளைத்துத் திணித்தால் நிமிரப் பார்க்கும். அந்த இழுவையில் திருகின் பிடி தளரலாம்.

தளர்ந்தால் என்ன? கணக்குப் போட்டுப் பாருங்கள். 230 வோல்ட்டில் 10 வாட் எல்இடி விளக்குக்குச் சுமார் 0.04 ஆம்பியர் போதும். தளர்ந்த இடத்தின் மின்தடை 1 ஓம் என்றால், அங்கே பிறக்கும் வெப்பம் சுமார் 2 மில்லிவாட். கவலையே இல்லை. ஆனால் அதே இணைப்பு வழியாக மற்ற விளக்குகளுக்கும் மின்விசிறிகளுக்கும் மொத்தம் 5 ஆம்பியர் போனால்? வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: 5 × 5 × 1 = 25 வாட். காற்றுப் புகாத பெட்டிக்குள் ஒரு சிறிய சால்டரிங் அயர்னை வைத்ததற்குச் சமம்! சாதாரண பிவிசி உறையோ 70 டிகிரி செல்சியசுக்கு ஏற்றது.

பியூஸ் பெட்டியில் உள்ள மின்முறிப்பான் இதைக் கண்டுகொள்ளாது. மின்னோட்டம் கூடவில்லையே! எங்கும் கசியவும் இல்லை; அதனால் மின்கசிவைத் துண்டிக்கும் கருவியும் சும்மா இருக்கும்.

நல்ல மின்பணியாளர் கம்பிகளை நெளிநெளியாக மடித்து உள்ளே தள்ளுவார். அதற்கு முன் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்ப்பார். இடம் போதாவிட்டால் ஆழமான பெட்டி கேட்பார்.

விளக்கு விட்டுவிட்டு எரிந்தாலோ, பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தாலோ நீங்களாகத் திறக்காதீர்கள். மெயின் சுவிட்சை அடைத்துவிட்டு, உரிமம் பெற்றவரை அழைக்கும்படி பெற்றோரிடம் சொல்லுங்கள்.