பதிவேட்டில் ஏறாத பயம்

அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர் காலை இழந்து வீடு திரும்பினால், அது எங்கே எப்போது நடந்தது என்று ஆஸ்பத்திரிக் கோப்பே சொல்லிவிடும். தூக்கத்தை இழந்து திரும்பியவருக்கு? சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்குது.

மனநோய்க்காக உதவித்தொகை கேட்கும் முன்னாள் படைவீரர் மூன்று விஷயங்களைக் காட்ட வேண்டும்: இப்போது நோய் இருக்கு, பணியில் இருந்தபோது ஒரு சம்பவம் நடந்தது, அதனால்தான் இது வந்தது. முதலாவதையும் மூன்றாவதையும் டாக்டர் எழுதித் தருவார். ஆளை அலைய வைப்பது நடுவில் இருப்பதுதான். பி.டி.எஸ்.டி. என்ற பெயரே அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் 1980-ல்தான் ஏறியது, வியட்நாம் போர் முடிந்து ஐந்து வருஷம் கழித்து. சம்பவம் நடந்த அன்றைக்கே யார் போய் எழுதி வைத்திருப்பார்கள்?

நேரடிச் சண்டையில் இருந்தவருக்குச் சட்டம் இளகிக் கொடுத்தது. சொல்வது சூழலுக்குப் பொருந்தினால் அவர் வாய்வார்த்தையே போதும். 'பர்ப்பிள் ஹார்ட்' மாதிரி ஒரு பதக்கம் அவர் சண்டையில் இருந்ததற்குச் சாட்சி. ஆனால் லாரி ஓட்டியவர், சமையல்காரர், நர்ஸ்? குண்டு அவர்கள் முகாமிலும்தான் விழுந்தது, பதக்கம் மட்டும் இல்லை. தேதி, படைப்பிரிவு எல்லாம் சொல்லி ஆவணத்தில் தேட வைக்கணும். ஆவணம் இருந்தால்தானே! 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் பிடித்த தீயில் மட்டும் 1.6 கோடி முதல் 1.8 கோடி கோப்புகள் போயின. கொரியப் போருக்குப் போன பலருடைய கோப்புகளும் அதில் அடக்கம்.

2010 ஜூலையில் விதி மாறியது. எதிரிப் படையோ பயங்கரவாதிகளோ தாக்குவார்கள் என்ற பயம்தான் காரணம் என்று அரசுத் துறையின் மனநல மருத்துவரோ உளவியலாளரோ உறுதிசெய்து, அந்தப் பயம் அவர் வேலைபார்த்த இடத்துக்கும் பொருந்தினால், சம்பவத்துக்குத் தனி ஆதாரம் வேண்டாம். (சொந்த டாக்டர் எழுதினால் இந்தச் சலுகை கிடையாது. அது எனக்கு உறுத்தலாகவே இருக்கு.)

'எதிரி' என்ற சொல்லைக் கவனிங்க. கூட வேலைபார்த்தவனே பாலியல் வன்முறை செய்திருந்தால் இந்தச் சலுகை பொருந்தாது. அவர்களுக்கு இருப்பது 2002-ல் வந்த வேறொரு விதி. புகார் எதுவும் பதிவாகாவிட்டாலும் மறைமுகத் தடயங்களைக் காட்டலாம்: திடீரென்று இடமாற்றம் கேட்ட மனு, வேலையில் சரிவு, குடி, கர்ப்பப் பரிசோதனைச் சீட்டு, அறைத்தோழியின் வாக்குமூலம். இப்படியெல்லாம் காட்டலாம் என்று சொல்லாமல் துறை மனுவைத் தள்ளவும் கூடாது.

நல்ல விதிதான். ஆனாலும் எதிரியிடம் பட்ட பயத்தை வாய்வார்த்தையில் நம்புகிறவர்கள், மேலதிகாரியிடம் பட்ட பயத்துக்குத் தடயம் கேட்கிறார்கள். புகாரை வாங்க வேண்டியவரே அந்த மேலதிகாரியாக இருந்திருக்கலாம்.

அதனால் இவர்கள் மருத்துவக் கோப்போடு நிற்காமல் பணிக்கோப்பையும் முழுசாக வாங்கிப் பார்க்கணும். ஒழுங்காக வேலை பார்த்தவருக்கு ஏதோ ஒரு மாதத்திலிருந்து மோசமான மதிப்பீடு, லேட்டாக வந்ததற்குத் தண்டனை என்று வரிசையாக இருக்கும். அன்றைக்கு அவரை மட்டம் தட்டிய அந்தத் தாள்கள்தான் இன்றைக்கு அவர் பக்கச் சாட்சி. இரண்டு பக்க ஆதாரமும் சமமாக நின்றால், சந்தேகத்தின் பலன் விண்ணப்பித்தவருக்கே போகணும் என்பது சட்டம்.