ஆண்மைச் சுரப்பும் பாரிசவாதமும்

மூளைக்குச் செல்லும் நாடி அடைபடுவதாலோ வெடிப்பதாலோ மூளையின் ஒரு பகுதி செயலிழப்பதே பாரிசவாதம். வயது ஏற ஏற இந்நோய் மிகுகின்றது. அதே வயதில் ஆணின் குருதியில் தெஸ்தோஸ்தெரோன் என்னும் ஓமோன் சிறிது சிறிதாகக் குறைகின்றது. ஆகவே, குறைந்ததை ஊசியால் நிரப்பினால் நோயும் விலகிவிடும் என்று நினைப்பவர் பலர்.

இந்த ஆசை புதிதன்று. 1889ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பிறவுண் செக்கார் என்னும் பேரறிஞர், தமது 72ஆம் வயதில், விலங்குகளின் விதைச் சாற்றைத் தம் உடலிற் செலுத்தி, இழந்த வலிமை மீண்டதாக அறிவித்தார். நீரில் எடுத்த அச்சாற்றில் ஓமோன் இருந்திருக்கக் கூடியது மிகமிகச் சொற்பம். அவர் கண்ட வலிமை நம்பிக்கை தந்த வலிமையே. உண்மையான ஓமோன் 1935இலேதான் பிரித்தெடுக்கப்பட்டது.

அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் 70 வயதைக் கடந்த 3,443 ஆண்களை மூன்றரை ஆண்டுகள் அளவில் கவனித்து, 2009இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. ஓமோன் மிகக் குறைந்திருந்தோரிடையே பாரிசவாதம் கூடுதலாகக் காணப்பட்டது. இதனைக் கேட்டவுடன் குறைவுதான் காரணம் என முடிவு கட்டலாமா? கூரை ஒழுகுவதால் சுவர் ஈரமாகின்றது. சுவரைத் துடைத்தால் ஒழுக்கு நிற்பதில்லை. உடற்பருமனும் நீரிழிவும் நெடுநாள் நோய்களும் இந்த ஓமோனைத் தாழ்த்துவன. பாரிசவாதத்துக்கு வழி சமைப்பனவும் அவையே. போதாக்குறைக்கு, கடும் நோய் கண்ட எவருக்கும் அந்நாட்களில் ஓமோன் அளவு இறங்கிவிடும்.

மருந்தாகக் கொடுத்தால் என்ன நிகழும்? செங்குருதிக் கலங்கள் பெருகிக் குருதி தடிக்கலாம். இதய நோய், பாரிசவாதம் ஆகியவற்றின் ஆபத்துக் கூடலாம் என 2015இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் எச்சரித்தனர். அதனைச் சோதிக்க, ஓமோன் குறைந்தும் இதய நோய் அல்லது அதற்கான வாய்ப்பு உடையோராயும் இருந்த 5,200க்கு மேற்பட்ட ஆண்களைக் கொண்ட பெரும் பரிசோதனை நடைபெற்று, அதன் முடிவு 2023இல் வெளியாயிற்று. மாரடைப்பு, பாரிசவாதம், இதய நோய் மரணம் ஆகிய மூன்றில் ஒன்றேனும் மருந்து பூசியோரில் நூற்றுக்கு 7.0 பேருக்கும், வெறுங்களிம்பு பூசியோரில் 7.3 பேருக்கும் நேர்ந்தது. அச்சமும் மெய்ப்படவில்லை, ஆசையும் நிறைவேறவில்லை. 2025இல் பழைய எச்சரிக்கை மாற்றப்பட்டு, குருதியமுக்கம் உயரலாம் என்ற எச்சரிக்கை சேர்க்கப்பட்டது.

ஆயினும் அப்பரிசோதனையில் ஒன்று கவனிக்கற்பாலது. இதய மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் கோளாறு, மருந்து பெற்றோரில் நூற்றுக்கு 3.5 பேருக்கும் மற்றையோரில் 2.4 பேருக்கும் கண்டது. அவ்வாறு துடிக்கும் இதயத்தில் உறையும் குருதிக்கட்டி மூளைக்குச் சென்று நாடியை அடைப்பதுண்டு. குருதியமுக்க மாத்திரையை மறந்து ஆண்மை மருந்தைத் தேடுவோர், தெரிந்த காவலைக் கைவிட்டுத் தெரியாத வழியில் இறங்குகின்றனர்.

விதைகளிலோ மூளையடிச் சுரப்பியிலோ நோயுள்ளவருக்கு இம்மருந்து பெரும் பயன் தருவதே. காலை வேளையில், வெவ்வேறு இரு நாட்களிற் குருதியைச் சோதித்து, குறைவு உறுதியான பின்னரே மருத்துவர் இதனைக் கொடுப்பர். மாலையில் ஓமோன் அளவு இயல்பாகவே தாழ்ந்திருக்கும்.