பெட்டி இல்லாமல் டிஜிட்டல் வானொலி இல்லை

இந்தியாவில் பண்பலை ஒலிபரப்பு முதன்முதலில் தொடங்கியது சென்னையில்தான். 1977 ஜூலை 23 அன்று அகில இந்திய வானொலி அதைத் தொடங்கிவைத்தது. ஒலி துல்லியமாக இருந்தது. அதைப் பிடிக்கும் பெட்டிதான் வீடுகளில் இல்லை. அன்று பெரும்பாலானோர் வைத்திருந்தவை மத்திய அலையும் சிற்றலையும் மட்டுமே எடுக்கும் டிரான்சிஸ்டர்கள். மலிவான பண்பலைப் பெட்டிகள் கடைக்கு வந்து, 1990களில்தான் பண்பலை மக்களைச் சென்றடைந்தது. இப்போது டிஜிட்டல் வானொலியும் அதே இடத்தில்தான் நிற்கிறது.

தனியார் நிலையங்களும் டிஜிட்டலில் ஒலிபரப்பலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2025 அக்டோபரில் பரிந்துரைத்தது. முதல் கட்டமாகச் சென்னை உள்ளிட்ட 13 பெரிய நகரங்கள். ஒரே அலைவரிசையில் வழக்கமான பண்பலை ஒன்று, டிஜிட்டல் சேவைகள் மூன்று, தரவுச் சேவை ஒன்று என ஐந்தையும் அனுப்பலாம் என்பது திட்டம்.

ஒரு சேவை போன இடத்தில் ஐந்து எப்படிப் போகும்? அனலாக் முறையில் ஒலியின் ஏற்ற இறக்கம் அப்படியே வானலையில் ஏற்றப்படுகிறது. மத்திய அலையில் மாறுவது அலையின் உயரம். மின்னல் வெட்டினாலும், பக்கத்து வீட்டில் மிக்சி ஓடினாலும் அந்த உயரம் கலைகிறது. எது பாட்டு, எது இரைச்சல் என்று பிரிக்கப் பெட்டிக்கு வழியில்லை. இரண்டையும் சேர்த்தே தருகிறது. பண்பலையில் உயரத்துக்குப் பதில் அதிர்வெண் மாறுவதால் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் பண்பலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்லும். கோபுரத்திலிருந்து 60, 70 கிலோமீட்டர் தாண்டினாலே தேய்ந்துவிடும்.

டிஜிட்டல் முறையில் ஒலி முதலில் எண்களாகிறது. காதுக்குத் தேவையற்றதை நீக்கிச் சுருக்குகிறார்கள். வழியில் சில எண்கள் தொலைந்தாலும் மீட்டெடுக்கும்படி பிழைதிருத்தக் குறிப்புகளைச் சேர்த்து, பல நுண்ணிய அலைகளில் பகிர்ந்து அனுப்புகிறார்கள். சுருக்கியதால் மிஞ்சும் இடத்தில் கூடுதல் நிகழ்ச்சிகளும், திரையில் ஓடும் செய்தி வரிகளும், வானிலை எச்சரிக்கையும் ஏறிக்கொள்கின்றன.

மின்சாரச் சேமிப்பும் உண்டு. மத்திய அலை டிரான்ஸ்மிட்டர் முழு வீச்சில் இயங்கும்போதுகூட, அதன் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கு எந்த ஒலியையும் சுமக்காத ஊர்தி அலைக்கே போய்விடுகிறது. டிஜிட்டலில் இந்த விரயம் இல்லை. நூற்றுக்கணக்கான கிலோவாட்டில் இரவும் பகலும் இயங்கும் நிலையங்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

குறையும் அந்தப் பிழைதிருத்தத்திலேயே இருக்கிறது. அனலாக் வலுவிழக்கும்போது மெல்ல மெல்லத் தேயும். இராமநாதபுரம், தூத்துக்குடிக் கரைகளில் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது தெரியும்: அலை ஏறும், இறங்கும், கரகரக்கும்; ஆனாலும் அறிவிப்பாளர் சொன்னது புரிந்துவிடும். டிஜிட்டலில் பிழைதிருத்தம் ஈடுகொடுக்கும் எல்லைவரை ஒலி பளிங்காக வரும். அந்த எல்லையைத் தாண்டினால் சத்தமே வராது. அரைகுறையாகக் கேட்டுச் சமாளிக்கும் வாய்ப்பு அங்கே கிடையாது.

நார்வேயின் அனுபவத்தைப் பாருங்கள். 1995இலேயே அங்கே டிஜிட்டல் ஒலிபரப்பு தொடங்கிவிட்டது. 2017 ஜனவரி 11 அன்று வடக்கே நூர்லான் மாகாணத்தில் தொடங்கி, அதே ஆண்டு டிசம்பருக்குள் தேசிய வானொலிகள் அனைத்தும் பண்பலையை விட்டு வெளியேறின. இப்படிச் செய்த முதல் நாடு அதுதான். பண்பலையில் ஐந்து தேசிய நிலையங்களுக்கே இடமிருந்த நாட்டில் இருபதுக்கும் மேற்பட்டவை கிடைத்தன. மலையும் கடற்கழியும் நிறைந்த அந்த நாட்டில் பண்பலையின் செலவு டிஜிட்டலைப்போல் எட்டு மடங்கு என்பது அரசின் வாதம். அப்படியிருந்தும் தொடங்கிய நேரத்தில் சுமார் 20 லட்சம் கார்களில் டிஜிட்டல் பெட்டி இல்லை. கருத்துக்கணிப்பில் மூன்றில் இரண்டு பங்கினர் இந்த மாற்றத்தை எதிர்த்தார்கள். சிறிய உள்ளூர் நிலையங்கள் பண்பலையிலேயே தங்கின. இருபது ஆண்டுக்கு மேல் ஆயத்தம் செய்த, பணமுள்ள, சிறிய நாட்டின் நிலையே இது.

நாமோ பெட்டிகள் கடைக்கு வருமுன்னே டிரான்ஸ்மிட்டர்களை நிறுவினோம். அகில இந்திய வானொலியான ஆகாசவாணி டிஆர்எம் என்ற தொழில்நுட்பத்தைத் தேர்ந்தெடுத்து, சென்னை, திருச்சி உட்பட நாடெங்கும் முப்பதுக்கும் மேற்பட்ட மத்திய அலை நிலையங்களில் டிஜிட்டல் டிரான்ஸ்மிட்டர்களை நிறுவியது. தேர்வில் தவறில்லை. மத்திய அலையின் நெடுந்தூர வீச்சையும் டிஜிட்டலின் தெளிவையும் சேர்த்துத் தருகிறது டிஆர்எம். மாருதி, ஹூண்டாய் போன்ற நிறுவனங்களின் சில கார்களில் இதற்கான பெட்டி தொழிற்சாலையிலேயே பொருத்தப்படுகிறது. லட்சக்கணக்கான கார்களில் அது இருக்கிறது. ஆனால் தனியாக ஒரு டிஆர்எம் பெட்டி வாங்க நினைப்பவர் நம் ஊர் ரேடியோ கடையில் கேட்டுப் பார்க்கட்டும். கிடைப்பது அரிது, கிடைத்தாலும் விலை ஆயிரக்கணக்கில். வானொலியை அதிகம் நம்பியிருப்பவர்கள் கார் வைத்திருப்பவர்கள் அல்லர். விசைப்படகில் இருப்பவரும், வயலில் இருப்பவரும், தறியில் உட்கார்ந்திருப்பவரும்தான்.

அதுதான் கைபேசியில் செயலி இருக்கிறதே என்பவர்கள் 2018 நவம்பரை நினைத்துப் பார்க்க வேண்டும். கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது மின்கம்பங்களும் கைபேசிக் கோபுரங்களும் சேர்ந்தே சாய்ந்தன. இணையம் கோபுரத்தை நம்பியது. தொலைவிலிருந்து வரும் மத்திய அலைக்கு உள்ளூரில் எதுவும் தேவையில்லை. இரண்டு பேட்டரி போட்ட பெட்டி போதும். டிஜிட்டல் பெட்டிக்குப் பேட்டரி சீக்கிரம் தீரும் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

டிஜிட்டல் வரட்டும், வர வேண்டும். தனியார் நிலையங்களுக்கு எந்தத் தொழில்நுட்பம் என்று அரசு முடிவு செய்யும்போது, பெட்டி யார் செய்வார், என்ன விலைக்கு விற்பார் என்பதையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். மீனவக் குடும்பங்களுக்கு மானிய விலையில் டிஜிட்டல் பெட்டி கிடைக்க வழி செய்ய வேண்டும். சில நூறு ரூபாய்க்கு அந்தப் பெட்டி சந்தைக்கு வரும்வரை, கடலோர மாவட்டங்களுக்கான மத்திய அலை அனலாக் ஒலிபரப்பு ஒன்றைக்கூட நிறுத்தக் கூடாது.