ஆட்குறைப்புக் கடிதமா? கையெழுத்துக்கு முன் கணக்கைப் பாருங்கள்

தோட்டம் கைமாறும்போதும் தொழிற்சாலை மூடப்படும்போதும் தொழிலாளியை ஆபீசுக்குக் கூப்பிட்டு, ஒரு தொகையைச் சொல்லி, கடிதத்தை நீட்டுவார்கள். மொத்தமாக அவ்வளவு பணத்தை அதுவரை பார்த்திராதவர் அங்கேயே கையெழுத்துப் போட்டுவிடுகிறார். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துப் பார்க்கிறேன் என்று கேட்பதில் தவறே இல்லை.

தீபகற்ப மலேசியாவில் 1980ஆம் ஆண்டு விதிமுறைப்படி, ஓராண்டு முடித்து ஈராண்டுக்குள் இருப்பவருக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். 2 முதல் 5 ஆண்டுக்குள் 15 நாள். அதற்கு மேல் 20 நாள். நாள் சம்பளம் 70 ரிங்கிட், சேவை 18 ஆண்டு என்றால் 25,200 ரிங்கிட். 5 ஆண்டுக்கு மேற்பட்ட சேவைக்குரிய 8 வார நோட்டீஸ் இதில் சேராது. அது தனிக்கணக்கு. இழப்பீட்டை வேலை முடிந்த 7 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குவோரில், உடலுழைப்புத் தொழிலாளர் போன்றோர் தவிர மற்றவர்களுக்கு இந்த விதி பொருந்தாது. அவர்கள் வேலை ஒப்பந்தத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இது குறைந்தபட்சத் தொகை. கூட்டு ஒப்பந்தத்தில் கூடுதலாக இருந்தால் அதுதான் செல்லும். பேச்சுவார்த்தை இந்தத் தொகைக்கு மேலே தொடங்க வேண்டும். எடுக்காத ஆண்டு விடுமுறைக்குப் பணம், போனசில் உரிய பங்கு, சேவைச் சான்றிதழ் ஆகியவற்றைக் கேட்கலாம். தோட்டத்தில் வீடுதான் பெரிய விஷயம். ரொக்கத்தைக் கூட்டித் தர மறுக்கும் நிர்வாகம்கூட, பிள்ளைகளின் பள்ளி ஆண்டு முடியும்வரை லயத்தில் இருக்கச் சம்மதிக்கக்கூடும். வாய்ப்பேச்சு போதாது, எழுத்தில் வாங்க வேண்டும். தனித்தனியாகப் போவதைவிடச் சங்கத்தின் மூலம் ஒன்றாகப் போனால் பலம் அதிகம்.

தோட்டம் விற்கப்பட்டால் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். புதிய முதலாளி 7 நாளுக்குள் பழைய சலுகைகளுக்குக் குறையாத வேலை தர முன்வந்து, தொழிலாளி தகுந்த காரணமின்றி மறுத்தால் இழப்பீடு கிடையாது.

கடிதத்தில் 'சுயவிருப்பத்தில் ராஜினாமா' என்று இருந்தால் கையெழுத்துப் போடவே கூடாது. சாதாரண ராஜினாமாவுக்கு இழப்பீடும் இல்லை, சொக்சோவின் வேலை காப்புறுதியும் இல்லை. 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற வரி இருந்தாலும் சங்கத்திடமோ தொழிலாளர் இலாகாவிடமோ காட்டிவிட்டுப் போடுவதே நல்லது.

வேலை போன 60 நாளுக்குள் சொக்சோவில் விண்ணப்பிக்க வேண்டும். காரணமில்லாமல் நீக்கிவிட்டார்கள் என்று கருதுவோர் தொழில் உறவு இலாகாவில் புகார் செய்யவும் அதே 60 நாள்தான்.