பஞ்சுக்குத் தோற்கும் எஃகு

ஊசி மழுங்கிப்போனதைத் தையல்காரர்கள் கண்ணால் பார்ப்பதற்கு முன் காதால் கேட்டுவிடுவார்கள். நல்ல ஊசி இறங்கும்போது மெஷினின் கடகட ஓசை மட்டும்தான் இருக்கும். மழுங்கிய ஊசி என்றால் ஒவ்வொரு குத்துக்கும் ‘டப், டப்’ என்று ஒரு சத்தம் சேர்ந்துகொள்ளும். இழைகளை விலக்கிக்கொண்டு நுழைய முடியாமல், துணியைக் கொஞ்சம் அமுக்கிவிட்டுப் பிறகு பொத்துக்கொண்டு இறங்கும் சத்தம் அது. ரவிக்கை தைத்தால் இந்த ஓசை வர நாளாகும். அதே மெஷினில் பஞ்சு வைத்த குயில்ட் போர்வையைத் தைத்தால், சில சமயம் ஒரு போர்வை முடிவதற்குள்ளேயே வந்துவிடும்.

குயில்ட் என்பது என்ன? மேலே ஒட்டுத்துணி, நடுவே பஞ்சுப் படலம், அடியில் இன்னொரு துணி. மூன்றையும் விரலால் கசக்கிவிடலாம். ஊசியோ கார்பன் கூடிய எஃகைச் சூடாக்கிப் பதமேற்றி, மேலே நிக்கலோ குரோமியமோ பூசியது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று சொல்லிவிட்டு நகரலாம்தான். ஆனால் இங்கே ஊர்வது எந்த எறும்பு என்று பார்ப்பதில்தான் சுவை இருக்கிறது.

எட்டு மணி நேரத் தையலுக்கு ஓர் ஊசி என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. வீட்டு மெஷின் நிமிடத்துக்கு 700 முறை குத்துகிறது என்று வைத்தால் அது 3,36,000 குத்து. துண்டுகளின் மூட்டுகள் சந்திக்கும் இடத்தில் மடிப்புக்குமேல் மடிப்பு சேர்ந்து, மூன்று அடுக்கு ஏழு எட்டாகிவிடும். அங்கே அடி பலமாக விழும்.

மென்மையானது கடினமானதை உடைக்குமா என்ற கேள்விக்கு 2020-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் சவர பிளேடை வைத்து விடை தேடினார்கள். தலைமுடி பிளேடின் எஃகைவிட ஏறத்தாழ 50 மடங்கு மென்மையானது. ஆனாலும் முடி சாய்வாகப் படும்போது, எஃகின் நுண்ணமைப்பு ஒரே சீராக இல்லாத இடத்தில், விளிம்பு சில்லாகப் பெயர்ந்தது. ‘எஃகு’ என்று நாம் ஒரே பொருள்போலச் சொல்வது உள்ளே திட்டுத்திட்டாக இருக்கிறது. கூர்மையான விளிம்பில் அந்தக் குறையைத் தாங்க அக்கம்பக்கத்தில் உலோகம் போதாது. பிளேடும் ஊசியும் ஒன்றல்ல. என்றாலும், மெல்லிய முனை தன்னைவிட மென்மையானதிடம் தோற்பதில் வியப்பில்லை என்பது மட்டும் புரிகிறது.

இனி உண்மையான எறும்புக்கு வருவோம். தையல் கத்தரியால் காகிதம் வெட்டினால் வீட்டில் திட்டு விழும், நினைவிருக்கிறதா? காகிதத்தில் நாருடன் களிமண்ணும் சுண்ணமும் கலந்திருப்பதால் கத்தரி மழுங்கும். துணியிலும் அப்படி ஒன்று ஒளிந்திருக்கிறது. பாலியஸ்டர் இழை கண்ணாடிபோலப் பளபளக்காமல் இருக்க, அதில் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடியைக் கலப்பார்கள். சுவர்ப் பெயின்டுக்கு வெண்மை தருவதும் அதே பொடிதான். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள்கள் ஊசியை அரம்போல ராவுகின்றன. இதற்கு மருந்தாக வந்த பொன்னிற ஊசிகளின் பூச்சு டைட்டானியம் நைட்ரைடு. ராவுவதும் டைட்டானியம், காப்பதும் டைட்டானியம்!

நூலும் சும்மா இருப்பதில்லை. ஒரு தையலுக்குச் செலவாவது சில மில்லிமீட்டர் நூல்தான். ஆனால் அடிநூல் சுற்றிய பாபினைச் சுற்றி வர, அதைவிடப் பல மடங்கு நீளமான நூல் கண்ணியாகக் கீழே போய்த் திரும்பவேண்டும். அதனால் நூலின் ஒரே இடம், துணியில் உட்காருமுன் ஊசிக் காது வழியே சில பத்து முறையாவது போய்வருகிறது. காதின் விளிம்பில் பிசிறு எழுந்தால் நூல் அறுவது இதனால்தான்.

இத்தனையையும்விட, குயில்டில் ஊசியைச் சீக்கிரம் கொல்வது வளைவு என்பது என் கணிப்பு. பூவும் கொடியுமாகத் தைக்க, துணியைத் தள்ளும் மெஷினின் பல்லை இறக்கிவிட்டுத் துணியைக் கையாலேயே நகர்த்துவார்கள். ஊசி துணிக்குள் இருக்கும்போதே கை இழுத்தால் அது வளையும். மேஜையை விட்டுத் தொங்கும் போர்வையின் எடையும் சேர்ந்து இழுக்கும். வளைந்த முனை, மெஷினின் ஊசித்தட்டில் உள்ள துளைக்குள் நேராக இறங்காமல் தட்டில் மோதும். ஒரே மோதலில் முனை கொக்கியாகிவிடும்.

தடிமனான ஊசி போட்டால்? 11-ம் நம்பர் ஊசித் தண்டின் விட்டம் 0.75 மில்லிமீட்டர், 14-ம் நம்பருக்கு 0.90. வித்தியாசம் ஒரு தலைமுடி, இரண்டு தலைமுடி அளவுதான். ஆனால் வளையாமல் தாங்கும் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 1.2-ஐ நான்கு முறை பெருக்கிப் பாருங்கள்: இரண்டு மடங்குக்கும் மேல். பதிலுக்குத் துணியில் ஓட்டை பெரிதாகும், உராய்வும் கூடும். அதனால்தான் குயில்டுக்கென்று வரும் ஊசிகளில் முனையை மட்டும் ஒல்லியாகச் சீவியிருக்கிறார்கள்.

சந்தேகம் வந்தால் ஊசியைக் கழற்றி முனையைக் கட்டைவிரல் நகத்தின்மேல் லேசாக இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போகாமல் வெள்ளைக் கீறல் விழுந்தால், முனை மடங்கியிருக்கிறது.