நான்கு சக்கரமும் நம்பிக்கையும்

ஐப்பசி மழையில் ஆலங்குளத்துக் கரிசல் பாதை களியாகிவிடும். அத்தகைய ஓர் இரவில், பிரசவ வலி கண்ட அடுத்த வீட்டு அக்காவை ஏற்றிக்கொண்டு இராஜபாளையம் புறப்பட்ட எங்கள் மாமாவின் ஜீப் சேற்றில் நின்றுவிட்டது. நான்கு சக்கர இயக்கம் உண்டு. ஆயினும் முன்னொன்றும் பின்னொன்றும் வீணே சுழன்றன, மற்ற இரண்டும் அசையவில்லை. டிராக்டர் வந்து இழுத்த பிறகே பயணம் தொடர்ந்தது. தாயும் சேயும் நலம்.

காரணம் என்ன? வளைவில் வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும். அதற்கு இடமளிப்பது அச்சிலுள்ள டிபரன்ஷியல். ஆனால் அது இரு சக்கரங்களுக்கும் திருப்புவிசையைச் சமமாகவே பகிரும். வழுக்கும் சக்கரம் ஏற்கும் சிறு விசையே மற்றதற்கும் கிடைக்கும்.

இக்குறை நீக்க மூவகை உண்டு. உராய்வுத் தட்டுகள் கொண்ட 'லிமிடெட் ஸ்லிப்' சாலைக்கு இதமானது. ஆனால் ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றால் அதன் உதவி குறைவு, தட்டுகளும் தேயும். தானே பூட்டிக்கொள்ளும் வகை, 2020-இல் வந்த மகிந்திரா தாரின் சில மாடல்களில் இருந்தது. சக்கரம் சற்றுச் சுழன்ற பின்பே பூட்டும். ஓட்டுநரே பூட்டும் வகை போர்ஸ் கூர்க்காவின் இரு அச்சுகளிலும் உண்டு. டிராக்டரில் காலால் மிதிக்கும் பூட்டும் இவ்வினமே.

நாள்தோறும் சாலையிலும் ஓடும் வண்டிக்கு மூன்றாவதையே நான் தேர்வேன். பூட்டாதவரை அது சாதாரண டிபரன்ஷியலே. ஆனால் சேற்றைக் கடந்ததும் பூட்டை விடுவிக்க வேண்டும். மறந்தால் தார்ச்சாலையில் வண்டி திரும்ப மறுக்கும், டயரும் தேயும். அந்த நிதானம் இல்லாதவர்க்குத் தானியங்கிப் பூட்டே நல்லது.