நீருக்குள் சுரண்டாதீர்கள்

நியூசிலாந்தின் ஆக்லாந்துக்குப் ‘பாய்களின் நகரம்’ என்றொரு பெயர் உண்டு. வைட்டமாட்டா துறைமுக ஓரத்தில் உள்ள வெஸ்ட்ஹேவன் மரினாவில் மட்டும் ஏறக்குறைய 2,000 படகுகள் நிற்கலாம். மேலே எல்லாம் வெள்ளை வெளேரென்று இருக்கும். உரிமையாளர் இரண்டு மூன்று வருடமாகக் கவனிக்காத பாய்மரப் படகின் நிலைமை நீர்மட்டத்துக்குக் கீழே போனால்தான் தெரியும். உயிர்கள் ஒட்டாமல் தடுக்கும் அடிப்பூச்சின் வீரியம் தீர்ந்ததும் முதலில் வழவழப்பான படலம் படிகிறது, அதன்மேல் பச்சைப் பாசி இழை விடுகிறது. அடுத்து கொட்டலசின் குஞ்சு வருகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவே உள்ள அது தன் உணர்கொம்புகளால் நடந்து நடந்து இடம் பார்க்கும். பிடித்த இடத்தில் தலையை ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றிச் சுண்ணாம்புச் சுவர் எழுப்பிக்கொள்ளும். அப்புறம் அதை நகர்த்த உளிதான் வேண்டும். மட்டியும் சிப்பியும் பின்னாலேயே வந்து சேரும்.

இந்தக் கூட்டத்தில் ஆக்லாந்து அதிகம் அஞ்சுவது ஒரு புழுவுக்கு. மத்தியதரைக் கடல் விசிறிப் புழு, 40 சென்டிமீட்டருக்கு மேலும் நீளக்கூடிய தோல் போன்ற குழாயில் வாழ்வது. குழாயின் நுனியில் ஆரஞ்சும் வெள்ளையும் பழுப்பும் பட்டை பட்டையாக ஓடும் இறகு விசிறி சுருளாக விரிந்திருக்கும். நிழல் பட்டாலே சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். நியூசிலாந்தில் 2008இல் லிட்டல்டன் துறைமுகத்தில் இதைக் கண்டார்கள். அடுத்த ஆண்டே அது வைட்டமாட்டாவிலும் இருந்தது. அடர்ந்து வளர்ந்தால் ஒரு சதுர மீட்டரில் நூற்றுக்கணக்கில் நிற்கும், மட்டிகளும் சிப்பிகளும் நம்பியிருக்கும் அதே உணவை வடிகட்டித் தின்னும். பச்சை உதட்டு மட்டி வளர்ப்பை நம்பிப் பிழைக்கும் நியூசிலாந்தின் கோரமண்டல் பகுதி ஆக்லாந்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இந்தப் புழு ஒரு வளைகுடாவிலிருந்து இன்னொன்றுக்குப் போகப் பெரும்பாலும் துணை நிற்பது படகின் அடிப்பாகம்தான்.

ஆகவே அழுக்கேறிய படகைக் கண்டதும் கண்ணாடி மாட்டிக்கொண்டு நீரில் குதித்துச் சுரண்டத் தொடங்குவது, நல்லெண்ணத்தோடு செய்தாலும், தவறான வேலை என்பதே என் வாதம். விசிறிப் புழுவின் துண்டுகளுக்கு மறுபடி முழுப் புழுவாக வளரும் திறன் உண்டு. சுரண்டுகிறவர் அழிப்பதாக நினைத்துக்கொண்டு அந்த இடத்திலேயே விதைத்துவிடுகிறார். கரு முதிர்ந்த உயிர்களைக் குலைத்தால் அவை முட்டையைக் கொட்டிவிடவும் கூடும். இன்னொன்று பூச்சு. இன்றைய அடிப்பூச்சுகளில் பெரும்பாலானவற்றின் நஞ்சு செம்பு. 1761இல் பிரிட்டிஷ் கடற்படை ‘அலார்ம்’ என்ற கப்பலுக்குச் செப்புத் தகடு அடித்துப் பார்த்த காலத்திலிருந்து இதே உலோகம்தான் காவல். இடையில் வந்த ட்ரைபியூட்டைல்டின் பூச்சு பிரான்சின் ஆர்க்கஷோன் விரிகுடாவில் சிப்பி வளர்ப்பைச் சீரழித்தது. உலகளவில் அதைத் தடுக்கும் உடன்படிக்கை 2008இல்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய பூச்சை நீருக்குள் சுரண்டினால் மாதக்கணக்கில் சிறிது சிறிதாகக் கரைய வேண்டிய செம்பு ஒரே பிற்பகலில் சேற்றில் இறங்குகிறது.

கரையில் இதே வேலை வேறு விதமாக நடக்கிறது. தூக்கி எந்திரத்தின் வார்களில் படகு மேலேறி, கழிவுநீரைத் தனியாகப் பிடிக்கும் தளத்துக்குப் போகிறது. ஈரம் காய்வதற்குள் உயர் அழுத்த நீரைப் பீய்ச்ச வேண்டும். ஒரு நாள் வெயில் பட்டுவிட்டால் பாசி தோல்போல இறுகிவிடும், கொட்டலசு கல்லாகிவிடும். கொட்டலசைப் பெயர்த்த பிறகும் வெள்ளை வட்டமாக அதன் அடித்தட்டு நிற்கும். அதையும் எடுக்காமல் மேலே பூசினால் பூச்சு அங்கேதான் முதலில் உரியும். தேய்ப்பதும் ஈரமாகவே தேய்க்க வேண்டும், செம்புத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. சுக்கானின் இடுக்கு, நீர் உறிஞ்சும் துளைகள், சுழலித் தண்டு ஆகியவற்றில்தான் புழு ஒளிந்திருக்கும்.

‘செலவு யார் தருவது?’ என்ற கேள்வி நியாயமானது. படகைத் தூக்கவும் நிறுத்தவும் பூசவும் ஆகும் பணம், பழைய சிறு படகின் விலையையே எட்டிவிடும். கடுமையான விதியைக் கண்டு பயந்த ஏழை உரிமையாளர் படகை அப்படியே கைவிட்டால், அது நின்ற இடத்திலேயே புழுப் பண்ணையாகிவிடும். ஆகவே தண்டனை மட்டும் போதாது, முதல் தடவை தூக்குவதற்காவது பொதுப்பணம் உதவ வேண்டும் என்று நான் நம்புகிறேன். படலம் மட்டுமே படிந்திருந்தால், பூச்சைக் கெடுக்காமல் மென்மையான துணியால் நீரிலேயே துடைப்பதையும் நான் மறுக்கவில்லை. அந்த வழக்கம் இருந்தால் படகு இந்த நிலைக்கே வராது.

‘புழு வந்துவிட்டதே, இனி என்ன?’ என்பது அடுத்த கேள்வி. ஆக்லாந்தின் உள்துறைமுகத்துக்கு வந்தது உண்மை. நகரை ஒட்டிய ஹவுராக்கி வளைகுடாவின் ஒவ்வொரு தீவுக்கும் வடக்கின் ஒவ்வொரு குடாவுக்கும் இன்னும் போய்ச் சேரவில்லை. அதனால்தான் வடக்கே உள்ள நார்த்லாந்து வட்டாரம், அடிப்பாகத்தில் ஐந்து சதவீதத்துக்கு மேல் பாசியும் கொட்டலசும் ஏறிய படகு இடம் மாறக் கூடாது என்று விதி வைத்திருக்கிறது. வெளிநாட்டுக் கப்பல்கள் சுத்தமான அடியோடுதான் வர வேண்டும் என்று நியூசிலாந்து 2018 மே முதல் கட்டாயப்படுத்தியதால், ‘பெரிய கப்பலை விட்டுவிட்டு எங்களைப் பிடிக்கிறீர்கள்’ என்ற குறையும் பாதி நீர்த்துப்போகிறது. பசிபிக் சிப்பியும் 1970களையொட்டி இப்படி வந்ததுதானே, இன்று அதை வளர்த்து விற்கிறார்களே என்பார்கள். வந்தேறிகளில் ஒன்று வாழ்வு தந்தது என்பதற்காக அடுத்ததையும் வரவேற்க முடியாது. எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் போய்க் கேட்டால் தெரியும். தென் அமெரிக்காவிலிருந்து வந்த ‘காக்கா ஆழி’ என்ற மட்டி இனம் ஆற்றுப் படுகையைக் கம்பளம்போல மூடி, இறாலும் மட்டியும் இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. கப்பல் வழியாக வந்தது என்று சொல்லும் மீனவர்களின் வலை காலியாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் கட்டுமரத்துக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. தினமும் கரையேற்றி, கயிற்றை அவிழ்த்து, மரங்களைக் காயவைத்தார்கள். மாதக்கணக்கில் நீரிலேயே நிற்கும் கண்ணாடியிழைப் படகுக்கு அந்த வசதி இல்லை. கரையில் கட்டைமேல் நிறுத்திப் பூசும்போதுகூட, முட்டுப் பலகை அழுத்தும் இடங்களும் ஏராவின் அடியும் பூச்சுப் படாமல் தப்பிவிடும். திரும்ப நீரில் இறக்குமுன், படகு வாரில் தொங்கும் அந்த அரைமணி நேரத்தில் அவற்றுக்கும் தூரிகை போக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வருடம் படகைத் தூக்கும்போது, பலகையின் அளவிலேயே சதுரம் சதுரமாகக் கொட்டலசு உட்கார்ந்திருக்கும்.